மறுநாள் காலையில் கை என்ன செய்ய வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

வயது வந்தோருக்குப் பயிற்சி நடத்துவது குறித்துச் சேலம் மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் வாசகர்கள் எழுதிய கேள்விகளில் சில, இந்த இதழில் பதில்களுடன் வெளியாகின்றன.

கேள்வி: நான் ஏற்காட்டில் சிறு காப்பி விவசாயிகளுக்குப் பயிற்சி நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். காப்பிச் செடியின் தண்டைக் குடையும் வண்டான வெள்ளைத் தண்டுத் துளைப்பானைப் பற்றிப் படங்களுடன் விரிவாக வகுப்பு எடுக்கிறோம். அனைவரும் பொறுமையாகக் கேட்கிறார்கள், தலையும் அசைக்கிறார்கள். ஆனால் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால், தாக்குண்ட செடிகள் அப்படியே நிற்கின்றன. வகுப்பை இன்னும் சுவையாக்க என்ன செய்யலாம்?
– ஏற்காடு வாசகர்

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரியை முதலில் மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே குறை சுவையில் இல்லை. வகுப்பு முடிந்து வீடு திரும்பும் விவசாயி, மறுநாள் காலையில் தோட்டத்தில் இறங்கி எதைச் செய்ய வேண்டும் என்ற கேள்வியிலிருந்து உங்கள் பயிற்சி தொடங்கியிருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

பூச்சியின் பெயர், அதன் வாழ்க்கைச் சுழற்சி, சேதத்தின் அளவு, கடைசிப் பத்து நிமிடத்தில் கட்டுப்பாட்டு முறைகள் என்ற வரிசையில்தான் பெரும்பாலான வகுப்புகள் அமைகின்றன. இது பாடப் புத்தகத்தின் வரிசை. விவசாயியின் வேலை வேறு வரிசையில் இருக்கிறது. வண்டுகள் தண்டிலிருந்து வெளியே வருவது ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும். அதற்கு முன்பாக, அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், வரிசை வரிசையாக நடந்து, தண்டில் மேடுதட்டியும் இலை மஞ்சளித்தும் நிற்கும் செடிகளை அடையாளம் கண்டு, வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஜூனில் எரித்தால், அதற்குள் வண்டு பறந்து பக்கத்துச் செடியில் முட்டையிட்டிருக்கும். அடுத்தது, அடித்தண்டிலும் பருத்த பக்கக் கிளைகளிலும் உள்ள உதிர்பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பது. பட்டை வெடிப்புகளில்தான் வண்டு முட்டையிடுகிறது என்பதால், ஒளிந்துகொள்ள இடமில்லாமல் செய்கிறோம். பச்சைப் பட்டையில் காயம் படக் கூடாது. மூன்றாவது, நிழல். வெயில் படும் தண்டையே வண்டு நாடுகிறது. ஆகவே நிழல் மரம் குறைந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஆக, பயிற்சியின் உள்ளடக்கம் இந்த மூன்று செயல்களும் அவற்றுக்கான காலமும்தான். இவற்றுக்கு உதவாத பூச்சியியல் செய்திகளைத் துண்டுப் பிரசுரத்தில் போட்டுவிடலாம்.

அடுத்து, இதை அவர்கள் ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள். பயிற்சியைத் திட்டமிடும் முன்பே, தவறாமல் செய்கிற இரண்டு மூன்று விவசாயிகளோடும், செய்யாத இரண்டு மூன்று பேரோடும் தனித்தனியே அமர்ந்து பேசிவிட வேண்டும். மேடுதட்டிய தண்டைச் சிலருக்கு அடையாளம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பலருக்கும் தடையாக இருப்பது வேறு என்றே நினைக்கிறேன். காய் தாங்கி நிற்கும் செடியைப் பிடுங்க மனம் வராது. புதிதாக நடும் அராபிகா கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். “இந்த ஒரு பறிப்பு முடியட்டும்” என்று அவர் நினைப்பது அறியாமை ஆகாது. அது ஒரு கணக்கு. அந்தக் கணக்கை மாற்றும் வேலையைப் படக்காட்சி செய்யாது.

ஆகவே, பயிற்சியை ஒருவருடைய தோட்டத்திலேயே வையுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நிறத்தில் கயிறு கொடுத்து, குறிப்பிட்ட வரிசைகளில் தனித்தனியாக நடந்து, பிடுங்க வேண்டிய செடி என்று அவர் நினைப்பதில் கட்டச் சொல்லுங்கள். அதுவரை நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். பிறகு எல்லோரும் சேர்ந்து அதே வரிசையில் நடக்கும்போது, சில செடிகளில் எல்லா நிறக் கயிறுகளும் இருக்கும். சிலவற்றில் ஒன்றிரண்டு மட்டுமே இருக்கும். கருத்து வேறுபட்ட செடிகளின் முன் நின்று, கட்டியவரும் கட்டாதவரும் தங்கள் காரணத்தைச் சொல்லட்டும். அதன்பின், தோட்டக்காரரின் சம்மதத்தோடு, அந்தச் செடியை வெட்டித் தண்டைப் பிளந்து பாருங்கள். காயோடு பசுமையாக நின்ற செடியின் உள்ளே புழுவும் அது குடைந்த பாதையும் தெரியும்போது, யார் சொன்னது சரி என்பதற்குப் பயிற்றுநர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவை இராது. சில செடிகளில் எதுவும் இருக்காது. அதுவும் நல்ல பாடமே, எந்த அறிகுறி ஏமாற்றும் என்பதை அவர்கள் கண்ணால் கற்றுக்கொள்கிறார்கள்.

பட்டை தேய்ப்பதையும் ஒவ்வொருவரும் ஒரு செடியிலாவது செய்து, காயம் பட்டிருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும். கலையும் முன், தன் தோட்டத்தில் எந்தக் கிழமை, யாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தொடங்குவார் என்பதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லட்டும். பயிற்சியைப் பிப்ரவரிக் கடைசியிலும் ஆகஸ்டுக் கடைசியிலும் வைத்தால், கற்றதற்கும் செய்வதற்கும் இடையே நாட்கள் குறையும். நிதியாண்டுக் கணக்குக்காக வேறு மாதத்தில் வைக்கச் சொன்னால், தயவுசெய்து அதை எதிர்த்துப் பேசுங்கள்.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி விவசாயிகளில் மூத்தவர்களுக்கு, எந்தச் சரிவில் வெயில் அதிகம், எந்த ஆண்டு எந்தப் பாத்தி பட்டுப்போனது என்பதெல்லாம் நினைவில் இருக்கும். அதைச் சொல்ல வைத்துத் தொடங்கினால், அவர்கள் பயிற்சிக்குப் பங்களிப்பவர்களாக அமர்வார்கள். வயது வந்தவர் தன் அனுபவத்தோடு வருகிறார், தன் உடனடிப் பிரச்சினைக்குத் தீர்வு தேடி வருகிறார் என்று 1926ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கல்வியாளர் எடுவர்ட் லிண்டமன் வாதிட்டார். 1970களில் இன்னொரு அமெரிக்கக் கல்வியாளரான மால்கம் நோல்ஸ் அதைப் பரவலாக்கினார். 1989இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் துணையோடு இந்தோனேசிய நெல் வயல்களில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகள் இதே அடிப்படையில் அமைந்தவை. உழவர்கள் குழுவாக வாராவாரம் வயலில் இறங்கி, கண்டதைத் தாளில் வரைந்து, மருந்து அடிப்பதா வேண்டாமா என்று தாங்களே விவாதித்து முடிவெடுத்தார்கள். உங்கள் காப்பித் தோட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் மிகத் திறமையான தொழிலாளி ஒருவர் இருக்கிறார். புதியவர்களுக்குச் சொல்லித்தரச் சொன்னால், மளமளவென்று செய்து காட்டிவிட்டு “இவ்வளவுதான்” என்கிறார். கற்பவர்கள் விழிக்கிறார்கள். திறமை உள்ளவருக்குக் கற்பிக்க வராதா?
– செவ்வாய்பேட்டை வாசகர்

பதில்: வரும், ஆனால் அதற்கென்று ஓர் ஒழுங்கு வேண்டும். நீண்ட காலப் பழக்கத்தில் கைக்குப் போய்விட்ட நுணுக்கங்கள் அவருடைய நினைவில் சொற்களாக இல்லை. அவர் மறைக்கவில்லை, தான் செய்வது அவருக்கே தெரிவதில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் இதே சிக்கலைச் சந்தித்தன. தொழில் தெரியாத ஏராளமானோரை விரைவில் வேலைக்குப் பழக்க வேண்டியிருந்தது. கற்பிக்க வேண்டியவர்களோ ஆசிரியர்கள் அல்லர், மேஸ்திரிகள். அப்போது 1940இல் தொடங்கப்பட்ட தொழிலகப் பயிற்சித் திட்டம் அவர்களுக்கு நான்கு படிகளைத் தந்தது. கற்பவரின் பதற்றத்தைப் போக்கி, அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டறிவது முதல் படி. வேலையைப் பகுதி பகுதியாகச் செய்து காட்டி, ஒவ்வொன்றிலும் முக்கியக் குறிப்பை மட்டும் அழுத்திச் சொல்வது இரண்டாவது. கற்பவரையே செய்யவிட்டு, செய்யும்போது என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பது மூன்றாவது. தனியே விட்டுவிட்டு, அடிக்கடி வந்து பார்த்து, பார்ப்பதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்வது நான்காவது. போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் இந்த முறையை ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டன.

உங்கள் பட்டறையில் பற்றவைப்பை எடுத்துக்கொள்வோம். நீங்கள் அருகில் அமர்ந்து, அவர் செய்யும்போது நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள்: “இப்போது தீயை ஏன் நகர்த்தினீர்கள்? இந்த இடத்தில் எதைப் பார்த்தீர்கள்?” அப்போதுதான் முக்கியக் குறிப்புகள் வெளிவரும். இணைப்புப் பொடி வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகும். ஆகவே தீயைப் பொடியின் மேலேயே குவிக்காமல், உருப்படியைச் சுற்றிலும் சீராகச் சூடேற்ற வேண்டும். வெங்காரம் (போராக்ஸ்) உருகிக் கண்ணாடிபோல் படர்வது சூடு ஏறுவதற்கான அறிகுறி. பொடி பளிச்சென்று ஓடும் கணத்தில் தீயை விலக்காவிட்டால், மெல்லிய வளையமே உருகிவிடும். அவருக்கு இவை சொல்லவும் தேவையில்லாத செய்திகள். புதியவருக்கு இவைதான் தொழில்.

இதில் மூன்றாம் படியைப் பலரும் தவிர்க்கிறார்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் “புரிந்தது” என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, “நீங்கள் செய்யுங்கள், செய்யும்போது எனக்குச் சொல்லிக்கொண்டே வாருங்கள்” என்று கேட்கச் சொல்லுங்கள். கழிவு வெள்ளித் துண்டுகளில் பழகவிட்டால், உருகினாலும் பொருள் நட்டமில்லை. பழகுபவர் பயமின்றித் தவறு செய்ய முடியும். வெங்காரப் புகைக்கும் தீக்கும் உரிய பாதுகாப்புக் குறிப்புகளைத் தனி வகுப்பாக வைக்காமல், அந்தந்தப் படியில் அந்தந்த இடத்திலேயே சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் சுகாதாரப் பயிற்சி நடத்தி முடித்தோம். தொழிலாளர்கள் இன்னும் கை கழுவாமல் மாவைத் தொடுகிறார்கள். மீண்டும் ஒரு பயிற்சி நடத்தலாமா?
– ஆத்தூர் வாசகர்

பதில்: உடனே வேண்டாம். கை கழுவ வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். தெரியும் என்றால், தெரிந்ததையே மறுபடி சொல்வதால் பயனில்லை. குழாய் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, சோப்பு இருக்கிறதா, ஜவ்வரிசி குலுக்கும் இடத்திலிருந்து ஒருவர் எழுந்து போனால் அவருடைய வேலை நிற்குமா, கூலி அளவுக்கேற்பவா நாளுக்கேற்பவா என்பனவற்றை ஒரு நாள் முழுக்க ஆலையில் நின்று பாருங்கள். செயல்திறன் ஆய்வாளர் தாமஸ் கில்பர்ட் 1978இல் வலியுறுத்தியது இதைத்தான்: தகவல், கருவி, ஊக்கம் ஆகிய மூன்றையும் வேலையிடம் தருகிறதா என்று பார்த்த பின்னரே, ஆளைப் பயிற்றுவிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். உலர்களத்துக்கும் குலுக்குமிடத்துக்கும் நடுவில் ஒரு குழாய் போடுவது, இன்னொரு வகுப்பு நடத்துவதைவிடச் செலவு குறைவாகவே இருக்கும். அதன் பின்னும் பழக்கம் மாறவில்லை என்றால், அப்போது பயிற்சியைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி: படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்று ஒரு முக்கோணப் படம் எல்லாப் பயிற்சிகளிலும் காட்டப்படுகிறது. நானும் என் அலுவலகப் பயிற்சிகளில் அதைப் பயன்படுத்தலாமா?
– சேலம் அஸ்தம்பட்டி வாசகி

பதில்: பயன்படுத்த வேண்டாம் அம்மா. அந்தப் படம் 1946இல் எட்கர் டேல் என்ற கல்வியாளர் வரைந்த அனுபவக் கூம்பின் வழிவந்தது. அவர் வரைந்த கூம்பில் எந்தச் சதவீதமும் இல்லை. நேரடி அனுபவம் அடியிலும், சொற்குறியீடுகள் உச்சியிலும் இருக்குமாறு கற்பித்தல் சாதனங்களை அவர் வகைப்படுத்தினார், அவ்வளவே. எண்கள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. அவற்றுக்கு ஆய்வு ஆதாரம் இல்லை. பத்து, இருபது, முப்பது என்று அவ்வளவு வட்டமாக வரும் எண்களே நமக்கு ஐயத்தைத் தந்திருக்க வேண்டும். சிலர் பார்த்துக் கற்பவர், சிலர் கேட்டுக் கற்பவர் என்று பிரித்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்தின் நிலையும் இதுவே. 2008இல் ஹரால்ட் பாஷ்லரும் சக உளவியலாளர்களும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடிவு செய்தார்கள்.

உறுதியாகத் தெரிந்தவை வேறு இருக்கின்றன. கற்ற பின் மறதி தொடக்கத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்மீதே சோதித்துக் காட்டினார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு சாராரை மீண்டும் படிக்கவும், மற்றவர்களைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவுகூர்ந்தவர்கள் முந்தினார்கள். பயிற்சி முடிந்த மாலையில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தது போலிருப்பதும், அடுத்த வாரம் ஒன்றும் தங்காததும் ஏன் என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. ஆகவே உணவு இடைவேளைக்குப் பின், நீங்கள் காலைப் பாடத்தைச் சுருக்கிச் சொல்லாதீர்கள். கையேட்டை மூடி வைக்கச் சொல்லி, காலையில் பார்த்த படிவத்தை நினைவிலிருந்து நிரப்பச் சொல்லுங்கள். சற்றுச் சிரமப்படுவார்கள். அந்தச் சிரமத்தில்தான் பாடம் பதிகிறது.

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு, கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம் பற்றியும் ஏமாற்று அழைப்புகள் பற்றியும் பயிற்சி தர வேண்டும். ஆர்வம் ஊட்டுவதற்காக விளையாட்டுகள் வைத்தால், இளையவர்கள் மகிழ்கிறார்கள்; மூத்தவர்கள் கூச்சப்பட்டுச் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். விளையாட்டு இல்லாமல் ஈடுபாட்டை உண்டாக்க முடியுமா?
– ஓமலூர் வாசகி

பதில்: முடியும். தன் வாழ்க்கையில் நடக்கக்கூடிய ஒரு சூழ்நிலையில், தானே முடிவெடுக்க வேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்தினால், ஈடுபாடு தானாக வரும். பந்து எறிவதோ பலூன் உடைப்பதோ அதைத் தராது. அவர்களுடைய கூச்சத்தையும் மதிக்க வேண்டும். ஐம்பது வயதில் பிறர் முன் தவறு செய்வது சிறுமையாகத் தோன்றுவது இயல்பே.

இருவர் இருவராக அருகருகே அமரச் செய்யுங்கள். நீங்களே அழைப்பவராகப் பேசுங்கள்: “அம்மா, வங்கியிலிருந்து பேசுகிறேன். உங்கள் குழுவுக்கு மானியம் 5,000 ரூபாய் வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு அனுப்பியிருக்கிறேன். அதை ஸ்கேன் செய்து, உங்கள் ரகசிய ‘பின்’ (PIN) நம்பரைப் போட்டால் பணம் ஏறிவிடும். இன்றைக்கே கடைசி நாள்.” இப்போது என்ன செய்வீர்கள் என்று நிறுத்திவிடுங்கள். இருவரும் கலந்து பேசி முடிவைச் சொல்லட்டும். பின் நம்பரைப் போடுவோம் என்று சொன்ன இணையைத் திருத்தாமல், அடுத்து நடப்பதை மட்டும் சொல்லுங்கள்: “உங்கள் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் போய்விட்டது.” அதன்பின் விதியைச் சொன்னால், அது நிற்கும். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை. பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான் அது கேட்கப்படும்.

விதி தெரிந்தும் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. “அம்மா, அம்மா” என்று மரியாதையாகப் பேசுகிற ஒருவருடைய அழைப்பைப் பாதியில் துண்டிப்பது நம் பெண்களுக்குப் பழக்கமில்லை. ஆகவே துண்டிப்பதையும் பழக்க வேண்டும். “நான் கிளைக்கு நேரில் வந்து பேசிக்கொள்கிறேன், வைக்கிறேன்” என்ற வாக்கியத்தை ஒவ்வொருவரும் தன் துணையிடம் வாய்விட்டுச் சொல்லி, கைப்பேசியின் சிவப்புப் பொத்தானைத் தொட்டு முடிக்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும், அந்த எண்ணைத் தன் கைப்பேசியில் தானே பதிந்து வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் பயிற்சியின் பகுதியாக்குங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

தமிழ்நாட்டில் இதற்கு நமக்குப் பெருமை தரும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் எழுத்தறிவு இயக்கமான அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தந்தது. கல் குவாரியில் உழைத்தவர்களும் வயல் வேலைக்குப் போனவர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். சந்தைக்கும் தண்ணீருக்கும் பிறரை எதிர்பார்க்காமல் தானே போகலாம் என்ற உடனடிப் பயன் அவர்களுக்குத் தெரிந்தது; சைக்கிளும் கேலியைப் பொறுத்துக்கொண்டு ஏறி ஓட்டித்தான் கற்க முடிந்தது. உங்கள் பயிற்சியிலும் அந்த இரண்டும் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். பயிற்சி முடிவில் தரும் கருத்துப் படிவத்தில் எப்போதும் “மிக நன்று” என்றே வருகிறது. பயன் உண்மையில் விளைந்ததா என்று அறிவது எப்படி?
– மேட்டூர் வாசகர்

பதில்: டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதிய கட்டுரைகளில், பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு விளைவு கிடைத்ததா. உங்கள் படிவம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. மதிய உணவு நன்றாக இருந்தாலும் அதில் “மிக நன்று” விழும்.

படிவத்தில் இரண்டு கேள்விகள் போதும். அடுத்த பதினைந்து நாட்களுக்குள் எந்த வேலையில், எதை மாற்றிச் செய்வீர்கள்? அதைச் செய்யவிடாமல் எது தடுக்கக்கூடும்? மூன்றாவது வாரத்தில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய இயந்திரத்தின் அருகிலேயே போய்ச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஷிப்ட் மேற்பார்வையாளரும் உடன் இருப்பது நல்லது. நேரில் போக முடியாதவர்களிடம் தொலைபேசியில், “எழுதியதில் எதைச் செய்தீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள், “பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?” என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார்கள். தடைகள் என்று அவர்கள் எழுதியவற்றைத் தனியே தொகுத்து, அடுத்த பயிற்சிக்கு நிர்வாகத்திடம் ஒப்புதல் கேட்கும் கோப்பில் முதல் தாளாக வையுங்கள்.